நம் பெயரில் நடக்கும் கணக்குகள்

கல்லூரிகள் திறந்து, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதங்கள் வந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் சில செல்போன்களும் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. "ஆதிதிராவிடர் நலத்துறையிலேர்ந்து பேசுறோம்மா. உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிருக்கு. வாட்ஸ்அப்புல ஒரு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கோம், அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டீங்கன்னா பணம் உடனே ஏறிடும்." பேசுகிறவருக்கு மகளின் பெயர் தெரிகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அப்பா பெயர் என்ன என்பதெல்லாம் தெரிகிறது. வீட்டில் யார் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. இவ்வளவு தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருப்பார் என்று அந்தத் தாய் நினைப்பதில் என்ன தவறு? பின் நம்பரைப் போட்ட அடுத்த நொடியில், கூலி வேலை செய்து சேர்த்த பணம் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இத்தகைய புகார்கள் பதிவாகியுள்ளன. காவல்துறையும் பள்ளி, கல்லூரிகளும் எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. எச்சரிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரே தொனிதான்: "பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்." விழிப்புடன் இருப்பது எப்படி என்று பின்னால் பார்ப்போம். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறோம். பின் நம்பர் கேட்டால் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். நம் வீட்டு விவரம் அந்த ஆளின் கைக்கு எப்படிப் போனது?

ஒரு நிலவுடைமைக் குடும்பத்தையும் நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதார் நகலை யார் அதிக இடங்களில் கொடுத்திருக்கிறார்கள்? ரேஷன் கடை, நூறு நாள் வேலை, முதியோர் உதவித்தொகை, தொகுப்பு வீடு, தாட்கோ கடன், மகளிர் குழு, பள்ளி, விடுதி, கல்லூரி, சாதிச் சான்று, வருமானச் சான்று, எரிவாயு இணைப்பு என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். உரிமையாக வரவேண்டிய ஒவ்வொன்றுக்கும் நாம் யார் என்று திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நகல் எங்கோ ஒரு மேசையில், ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில், ஒரு தரகரின் வாட்ஸ்அப்பில் தங்கிவிடுகிறது. நலத்திட்டத்தை நம்பி வாழ்கிறவர்களின் அடையாளம்தான் அதிகம் சிதறிக் கிடக்கிறது. இதை அவர்களின் அலட்சியம் என்று சொல்வது எளிது. அது உண்மையல்ல.

அரசே சிந்திய கதையும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் நான்கு அரசு இணையதளங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் 13 கோடி ஆதார் எண்கள் யாரும் பார்க்கும் வகையில் கிடக்கின்றன என்று அது மதிப்பிட்டது. அந்தத் தளங்கள் எவை? ஒன்று தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தினுடையது. இன்னொன்று முதியோர், விதவையர் உதவித்தொகைக்கான தேசிய சமூக உதவித் திட்டத்தினுடையது. நாட்டிலேயே மிக ஏழைகளின் பட்டியல்தான் முதலில் தெருவுக்கு வந்தது.

நம் மாவட்டங்களுக்கே வருவோம். 2020 ஆகஸ்டில் பிரதமர் கிசான் திட்ட மோசடி வெளியானது நினைவிருக்கும். நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் திட்டம் அது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் பதிவாகி, சுமார் 110 கோடி ரூபாய் போயிருப்பதாக அரசே அப்போது சொன்னது. வேளாண் அதிகாரிகளின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர்கள் கையிலும் கணினி மையங்களிலும் இருந்தன. சிபிசிஐடி விசாரணை நடந்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், தரகர்கள் கைதானார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பாதிக்கப்பட்டவர்களின் நிலை. ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்த மக்களிடம் "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க" என்று சொல்லி வாங்கினார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் இணையத்தில் விவசாயிகளானார்கள்! வந்த பணத்தில் தரகருக்குக் கமிஷன் போனது. சில வாரங்களில் அதிகாரிகள் வந்து முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். பலருடைய வங்கிக் கணக்குகளிலிருந்தே பிடித்தம் செய்தார்கள். கமிஷனும் போய், கையிலிருந்ததும் போய், 'மோசடிப் பயனாளி' என்ற பெயரும் வந்தது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள், நிலம் இருப்பதாகப் பொய் சொன்னவர்கள் ஆகிவிட்டார்கள்.

கைநாட்டும் கைரேகையும்

அடையாளத் திருட்டு செல்போனோடு வந்த நோய் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பிற்பாடு அதில் கடன் தொகையை எழுதியது யார்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகளோடு கொடுத்த நிலம். அதில் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது? கைநாட்டு வழியாக, ஆள்மாறாட்டப் பத்திரம் வழியாக, கிராமக் கணக்கில் மாற்றி எழுதப்பட்ட பெயர் வழியாக.

பினாமியும் இதே குடும்பம்தான். தாட்கோ மானியத்தில் வாங்கிய வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது, தலித் ஒதுக்கீட்டில் கிடைத்த பெட்ரோல் பங்க்கின் கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பல ஊர்களில் ஊரறிந்த ரகசியம். "பேரை மட்டும் குடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்ற வசனம் அப்படியே இருக்கிறது. கருவி மட்டும் மாறியிருக்கிறது.

அந்தக் கருவிகளில் நம் கிராமங்களுக்கு மிக நெருக்கமானது ஆதார் வழிப் பணம் எடுக்கும் இயந்திரம். வங்கிக் கிளை இல்லாத ஊரில் வங்கித் தொடர்பாளர் ஒருவர் சிறு கருவியோடு உட்கார்ந்திருப்பார். வங்கியின் பெயர், ஆதார் எண், விரல்ரேகை, இந்த மூன்றும் போதும். ஏடிஎம் அட்டை வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். எழுத்தறியாத பாட்டிக்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. அதே எளிமைதான் ஆபத்தும். ஆதார் எண் நூறு இடத்தில் இருக்கிறது. விரல்ரேகை?

அதையும் எடுக்கிறார்கள். தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் 2018இல் பிடிபட்ட ஒரு சிம் கார்டு விற்பனையாளர், பதிவுத்துறை இணையதளத்திலிருந்த நிலப் பத்திரங்களிலிருந்து விரல்ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்வது போலச் செய்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். பின்னர் இதே முறையில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்த கும்பல்கள் ஹரியானா, பிகார், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களில் பிடிபட்டன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை எங்கே போய் மாற்றுவது?

ஆனால் நம் ஊர்களில் நடக்கும் திருட்டுக்கு அவ்வளவு தொழில்நுட்பம்கூடத் தேவைப்படுவதில்லை. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கரும்பு வெட்டிலும் தேய்ந்த விரல்களைக் கருவி முதல்முறை ஏற்பதில்லை. "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க" என்பார்கள். உண்மையிலேயே விழாமலும் இருக்கலாம். விழுந்து பணம் எடுக்கப்பட்ட பிறகு சொல்லப்படும் பொய்யாகவும் இருக்கலாம். ரசீது கேட்காதவருக்கு வித்தியாசம் தெரியாது. பரிவர்த்தனை தோற்றாலும் அதற்கும் ஒரு சீட்டு உண்டு. "பேப்பர் தீர்ந்துபோச்சு" என்றால் அங்கே விரல் வைக்காமல் வந்துவிடுவது நல்லது. வைத்துவிட்டோமென்றால் அன்றே வங்கிக் கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசுத் திட்டப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் அனுப்பப்படுகிறது. நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி 1 முதல் இதுவே கட்டாயமானது. ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் பணம் போகும். நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகும் என்று உத்தரவாதமில்லை. நமக்குத் தெரியாமல் ஒரு புதுக் கணக்கு தொடங்கப்பட்டால், கூலியும் உதவித்தொகையும் சத்தமில்லாமல் திசைமாறிவிடும். 2017இல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கி விவகாரத்தில் இதுதான் நடந்தது. சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்ப்பு என்று விரல் வைத்த வாடிக்கையாளர்களுக்கு, அவர்களின் தெளிவான சம்மதம் இல்லாமலே கணக்குகள் தொடங்கப்பட்டு, எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது. ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. "எனக்கு மட்டும் கூலி வரல" என்று ஊராட்சி அலுவலக வாசலில் நிற்கும் பெண்களில் சிலருடைய பணம் இப்படி அவர்கள் அறியாத கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தங்கள் வங்கிக் கிளையில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்தில் நடந்ததை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் பழங்குடி மாணவர்கள் தங்களுக்கு ஆண்டுக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை என்று சொன்னதிலிருந்து கிளம்பியது அந்த வழக்கு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கான தொகையில் சுமார் 250 கோடி ரூபாய் மோசடி என்று 2019இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. பெரும்பகுதி தனியார் கல்வி நிறுவனங்களுக்குப் போயிருந்தது. மாணவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் வங்கிக் கணக்குகள், படிப்பை விட்டுப் போனவர்கள் படித்துக்கொண்டிருப்பதாகக் காட்டும் ஆவணங்கள், வேறு யாருடையதோ ஆன செல்போன் எண்கள். சேர்க்கையின்போது கொடுத்த சான்றிதழ் நகல்கள்தான் மூலதனம்.

2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவரின் கணக்குக்கே வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையும் பாஸ்புக்கும் கையெழுத்திட்ட காசோலையும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால் கணக்கு யாருடையது? கட்டணத்தைக் கேட்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அட்டையைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. படிப்பை இடையில் நிறுத்துகிறவர்கள் மாற்றுச் சான்றிதழோடு விவகாரம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டும் நம் பெயரில் உதவித்தொகை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள், தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

இதைவிட இப்போது எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வாடகைக் கணக்கு. விடுதி மாணவனிடம் தெரிந்த அண்ணன் ஒருவர் வருகிறார். "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, ஏடிஎம்மையும் சிம்மையும் குடு. ஐயாயிரம் தரேன். ஒன்னும் ஆகாது." மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டணம், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வரும். கொடுத்துவிடுகிறான். வடமாநிலத்தில் யாரோ ஒரு ஓய்வூதியரை ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் போய்விடுகிறது. காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் கிடைக்கும் பெயரும் முகவரியும் இந்த மாணவனுடையவை. அண்ணனின் எண் அணைக்கப்பட்டிருக்கும்.

விற்றவனும் திருடனும் ஒன்றல்ல என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். அதற்குள் கணக்குகள் முடக்கப்பட்டிருக்கும்; உதவித்தொகை வரும் கணக்கும் அதில் சேர்ந்திருக்கலாம். காவலர் தேர்வு, பிற அரசுப் பணிகள், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் குற்ற வழக்கு உண்டா என்று பார்ப்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவனின் வாழ்க்கையை ஐயாயிரம் ரூபாய்க்கு எழுதி வாங்கிவிடுகிறார்கள். பழைய பினாமி ஏற்பாட்டில் பெயர் கொடுத்தவருக்கு ஏதும் கிடைக்காது, அவ்வளவுதான். இதில் சிறையே கிடைக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட தம்பி, தங்கைகள் இருந்தால் பயந்து மறைக்க வேண்டாம். இன்றே வங்கிக்குப் போய் எழுத்துமூலம் கணக்கை மூடச் சொல்லுங்கள், ஒப்புகை வாங்குங்கள், ஒரு வழக்கறிஞரோடு சென்று சைபர் குற்றப் பிரிவில் தகவல் கொடுங்கள். காவல்துறை தேடி வருவதற்கு முன் நாமே போவதற்கும் பின் போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நம் நிலைமைக்கு ஏற்ற காவல்

"ஆதார் கைரேகையைப் பூட்டி வையுங்கள்" என்று நகரத்து ஆலோசனைகளில் சொல்வார்கள். நல்ல வசதிதான். ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டிவிட்டால் யார் விரலை வைத்தும் பணம் எடுக்க முடியாது. ஆனால் ரேஷன் கடையிலும் அதே விரல்தான். பூட்டியிருந்தால் அரிசி வாங்கும் நாளில் திறந்து, மறுபடி பூட்ட வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைந்த செல்போன் கையில் இருக்க வேண்டும். படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இது முடியும். முடியாதவர்கள், ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியை என் கணக்கில் நிறுத்துங்கள் என்று வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம். கூலி வரும் கணக்கில் பெரிய தொகையைத் தங்கவிடாமல், சேமிப்பை ஆதாரோடு இணையாத வேறு கணக்கில் வைப்பதும் ஒரு தற்காப்பு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை செல்போன் எண். வீட்டில் போன் இல்லாத காலத்தில் ஆதாருக்கும் வங்கிக்கும் யாருடைய எண்ணைக் கொடுத்தோம்? கணினி மையக்காரர் தன் எண்ணையே போட்டிருப்பார். அல்லது திருப்பூருக்குப் போன அண்ணனின் பழைய எண்ணாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் துண்டித்து, 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நம் ஓடிபி அவருக்குப் போகும். தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றித் தரும் வசதி உண்டு. வயதானவர்களுக்கு அதைச் செய்து கொடுக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் ஓடுகின்றன என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண்ணைத் துண்டிக்கக் கோரலாம். திருவிழாக் கூட்டத்தில் குடை போட்டு சிம் விற்கும் இடத்தில் இரண்டு முறை விரல் வைத்தவர்கள் கட்டாயம் பாருங்கள்.

மாணவர்கள் பலரும் ஆதார் கோப்பை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி அச்செடுக்கிறார்கள். அந்தக் கோப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு அதை மனப்பாடமாகச் சொல்வார். அச்செடுத்த பின் கண்ணெதிரே அழிக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வைத்துக்கொண்டால் பல இடங்களுக்கு அதுவே போதும். நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுக்கலாம். இது மோசடியைத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டோம். பின்னால் கடன் ஆவணத்தில் அந்த நகல் முளைக்கும்போது நம் பக்கம் பேசும்.

மகளிர் குழுக் கடன்களில் இது மிக முக்கியம். குழுத் தலைவியிடமோ நுண்கடன் முகவரிடமோ கொடுத்த நகலில் இன்னொரு கடன் வாங்கப்பட்டிருந்தால், மகன் கல்விக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். ரிசர்வ் வங்கி விதிப்படி சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். படிக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அம்மாவின் அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டுங்களேன்.

பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். 1930 என்ற எண்ணில் உடனே சொன்னால் பணம் கைமாறும் வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. வங்கிக்கும் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை நமக்கு ஆயுதம். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் எடுத்த பணத்தை, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் நம் பொறுப்பு அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் தலையில்தான் இருக்கிறது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. அதன்பிறகு போவது வங்கியைச் சேரும். போலி ரேகையில் பணம் எடுக்கப்பட்டவர் எதையும் யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே "நீங்கதாம்மா விரல் வச்சிருக்கீங்க" என்று கிளையில் திருப்பி அனுப்பினால், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

காவல் நிலையம் வேறு கதை. சேரியிலிருந்து போகிறவரை உட்கார வைத்துப் பேசும் நிலையங்கள் எத்தனை? "நீயே குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறியா" என்ற கேள்விக்குப் பயந்து திரும்பியவர்களே அதிகம். அடையாளத் திருட்டு என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66-டி. இந்தப் பிரிவுகளைப் புகாரிலேயே எழுதுங்கள். மனு ஏற்புச் சான்றான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நிலம் தொடர்பான ஆள்மாறாட்டமாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே உதவிக்கு வரும். நிலத்தை முறைகேடாகப் பறிப்பது என்பதில் 'நில ஆவணங்களைப் புனைவதும்' அடங்கும் என்று 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் விளக்கமாகச் சொல்கிறது. காவல் நிலையங்கள் இந்த விளக்கத்தை அறிந்ததுபோல் காட்டிக்கொள்வதில்லை.

அரசு என்ன செய்கிறது? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைச் சிந்திய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெரிதாகச் சொன்னார்கள். அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும்; பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா இல்லை. இழப்பீடு கேட்க வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் நீக்க இதே சட்டம் வகை செய்கிறது. மானியமும் உதவியும் தருவதற்காக அரசு நம் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாளலாம் என்றும் அதில் இருக்கிறது. போதாதற்கு, பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமாம்! பள்ளி மாணவர் விவரம் தரகருக்குப் போனது எப்படி என்று கேட்கத் துணியும் ஒரு தாயை அச்சுறுத்த இது போதும்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். ஏற்கெனவே அச்சிட்டுக் கையில் இருக்கும் ஆதார் அட்டைகளில், அந்தச் சொல் உள்ள முகவரி அப்படியேதான் இருக்கிறது. நம்மை ஏமாற்ற அழைப்பவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே எந்தத் துறையின் பெயரைச் சொல்லிப் பேசலாம் என்று முடிவு செய்துகொள்கிறார்.

உடனே கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியில் பணம் எடுத்துத் தரும் வங்கித் தொடர்பாளர் யார், எந்த வங்கியைச் சேர்ந்தவர், புகார் எண் எது என்று தமிழில் எழுதிய பலகை வைக்க வேண்டும்; ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும், தோற்றதற்கும் சேர்த்து, அச்சிட்ட சீட்டு தர வேண்டும்; கூலி வராதவர்களின் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஒரு முகாம் நடத்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். முன்வரிசையில் நாற்காலி கிடைக்காவிட்டாலும் மனுவை எழுத்தில் கொடுத்துவிட்டால் பதிவேட்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். தீர்மான நகலைச் செயலரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.